நாற்பது தலைகளின் சராசரி

வெள்ளைக்காரரின் மூளை எங்களுக்கு வேண்டாம் என்று மூன்று பக்கத்தில் கடிதம் எழுதியவள் நான்தான். இன்றைக்கு எடுத்து வாசித்தாலும் அதில் ஒரு வரிகூடப் பிழை இல்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சண்டை முடிந்து ஏழெட்டு மாதத்தில், 2010 தை மாதம், மட்டக்களப்புக்கு ஓர் ஆய்வு வந்தது. சுனாமியிலும் சண்டையிலும் அடிபட்டவர்களின் மூளையைப் படம் எடுத்து அளக்கிற ஆய்வு. தலைவர் கொழும்பில் ஒரு பேராசிரியர். புளியந்தீவில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி எங்கள் கந்தோர், அதாவது அலுவலகம். ஆட்களைத் தேடிப்பிடித்து, ஃபாரம் நிரப்பி, வான் வண்டியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்து வருவது காத்தான்குடி ஹலீம் நானாவின் வேலை. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் அளப்பது என் வேலை. பெயர் ஆர்த்திகா, அப்போது வயது இருபத்தெட்டு, படித்தது புள்ளிவிபரவியல். வாய் நீளம் என்று ஊரில் பெயர், பொய்யில்லை.

மூளையை அளப்பது தேங்காயை அளப்பது போல் இல்லை. ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு வடிவம். அதனால் பலருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து, ஒரு பொது மூளை செய்து வைத்திருப்பார்கள். டெம்பிளேட் என்பது அதைத்தான். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதில் கோடு கீறியிருக்கும். புது ஆளின் படத்தை இழுத்து வளைத்து அதன்மேல் பொருத்தினால் அந்தக் கோடுகள் இவருடைய படத்தில் வந்து உட்காரும். பிறகு அளந்து, டெம்பிளேட்டுக்குத் தலை கொடுத்தவர்களின் அளவோடு ஒப்பிடலாம். தையற்காரி வெட்டுத்தாளை வைத்துச் சட்டை வெட்டுகிற மாதிரித்தான். அந்தத் தாள் யாருடைய உடம்புக்கு வெட்டியது என்பதில்தான் எல்லாமே கிடக்கிறது.

நாங்கள் அளந்தது ஹிப்போகாம்பஸ் என்கிற ஒரு சின்னத் துண்டை. காதுக்கு உள்ளே இரண்டு பக்கமும் சுண்டுவிரல் அளவில் இருக்கும். புது விஷயங்களைப் பிடித்து வைப்பது அதன் வேலை. மூச்சு முட்டினால் முதலில் சாவது அதுதான். வருஷக்கணக்காகப் பயந்து வாழ்ந்தாலும் அது சிறுக்கும் என்கிறார்கள்.

உலகம் முழுக்கப் பாவிக்கிற டெம்பிளேட் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த இளம் ஆட்களின் தலைகளில் இருந்து செய்தது. பேராசிரியர் அதைத்தான் போடச் சொன்னார். போட்டுப் பார்த்தேன். அவர்களுடைய தலை நீளம், எங்கள் ஆட்களுடையது கட்டை. இழுத்துப் பொருத்தியபோது கோடுகள் தள்ளிப்போய் உட்கார்ந்தன. எவருடைய படத்தைப் போட்டாலும் ஹிப்போகாம்பஸ் சின்னது என்றே வந்தது. பரீட்சித்துப் பார்க்க எடுத்த என்னுடைய படத்திலும் சின்னது!

“அப்ப முழு மட்டக்களப்புக்கும் மூளையில வருத்தமா சேர்?” என்று போனில் கேட்டேன்.

“ஆர்த்திகா, எல்லாரும் பாவிக்கிறதைப் பாவிச்சா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாங்க.”

எனக்குக் கோபம் வந்தால் எழுத்து நன்றாக வரும். அன்று இரவே அந்த மூன்று பக்கமும் எழுதினேன். இந்த அளவு எங்கள் ஆட்களுக்குச் செல்லாது, இதை வைத்து எடுக்கிற எந்த முடிவும் பிழை, எங்கள் ஊர் ஆட்களை வைத்தே டெம்பிளேட் செய்ய வேண்டும் என்று ஆதாரத்தோடு எழுதினேன். மூன்று கிழமை இழுபறிக்குப் பிறகு மனிதர் இறங்கி வந்தார். “சரி, உங்கட ஆக்களை வெச்சே செய்யுங்கோ. ஆனா ஒரு பாதிப்பும் இல்லாத நாப்பது பேர் வேணும்” என்றார். ஹலீம் நானாவுக்கு அன்று நான்தான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

ஃபாரத்தில் பதினான்கு கேள்விகள். நெருங்கிய உறவை இழந்தீர்களா, காயப்பட்டீர்களா, இடம்பெயர்ந்தீர்களா, யாராவது பிடித்துக்கொண்டு போனார்களா. பதினான்குக்கும் ‘இல்லை’ என்றால்தான் அந்த ஆள் எங்களுக்குச் சரி. எங்கே போய்த் தேடுவது? எனக்கு ஒரு யோசனை வந்தது. நிவாரணம், நட்டஈடு என்று எந்தப் பட்டியலிலும் பெயர் கொடுக்காத குடும்பங்களைப் பிடிப்போம் என்றேன். கேட்டு வராதவருக்குப் பாதிப்பு இல்லைத்தானே! எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். கடைசி இரண்டு இடத்தையும் நானும் ஹலீம் நானாவும் நிரப்பினோம். முப்பது வருஷச் சண்டையில் ஒரு கீறலும் படாத நாற்பது பேர், அதுவும் மட்டக்களப்பில். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

இனி உதயரூபன். நாவற்குடா ஆள். 2004இல் கடல் வந்த அன்று அவருக்கு இருபத்திரண்டு வயது. முள்வேலியில் சிக்கித் தண்ணீருக்குள் கிடந்தவரை இழுத்தெடுத்து, செத்துவிட்டார் என்று பாயில் கிடத்திய பிறகு மூச்சு வந்தது. மூச்சு வந்தது, நினைவு வரவில்லை. பழையதெல்லாம் இருக்கிறது, வலை கட்டுவார், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த எல்லாருடைய பெயரும் சொல்லுவார். புதிது எதுவும் பத்து நிமிஷத்துக்கு நிற்காது. பாண் வாங்கி வந்து வைத்துவிட்டு மறுபடி பாண் வாங்கப் போவார். கடைக்காரர் “தம்பி, வாங்கிட்டாய்” என்று திருப்பி அனுப்புவார். அக்கா கண்ணகைதான் அவரை வைத்துப் பார்த்தார். கணவர் இல்லை, வாவி இறாலைப் பேசின் பாத்திரத்தில் போட்டுத் தெருமுனையில் விற்பது தொழில். ஆய்வில் ‘பாதிக்கப்பட்டவர்’ பக்கத்தில் உதயரூபனைச் சேர்த்து, மாசியில் ஸ்கேன் எடுத்தோம்.

ஆடியில் கண்ணகை அக்கா எங்கள் கந்தோர்ப் படியேறி வந்தார். கையில் இறால் வாடை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“புள்ள, தம்பியப் பொலிசில கொண்டு போயிட்டாங்க. இப்ப கொழும்பில வெச்சிருக்காங்களாம். வாக்குமூலம் குடுத்திட்டானாம்.”

“என்ன வாக்குமூலம்?”

“ரெண்டாயிரத்தி ஆறில இயக்கத்துக்கு வெடிச்சாமான் கடத்தினதாம். எந்த நாள், எத்தினை மணி, ஆருட்டக் குடுத்தது எண்டு நாலு பக்கமாம். காலையில திண்டது தெரியாத பொடியன் மணிக்கணக்குச் சொல்லியிருக்கானாம் புள்ள!”

நாலு பக்கத்திலும் அவருடைய கையெழுத்து. கையெழுத்துப் போடு என்றால் போடுவார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். வழக்கில் அந்த நாலு பக்கத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. சட்டத்தரணி என்னை வந்து பார்த்தார். ஞாபகம் இல்லை என்று வாயால் சொன்னால் நடிக்கிறான் என்பார்கள், வைத்தியர் கேள்வி கேட்டுச் சோதித்தாலும் நடிக்கிறான் என்பார்கள் என்றார். “படம் நடிக்காது, தங்கச்சி. அந்தத் துண்டு சிறுத்திட்டுது எண்டு எழுத்தில தாங்க. போதும்.”

வெளிநாட்டு டெம்பிளேட்டில் உதயரூபனின் அளவு முன்பே என்னிடம் இருந்தது. சுகமான நூறு பேரைச் சிறியதிலிருந்து பெரியதாக நிறுத்தினால் அவர் இரண்டாவது ஆள். ஐந்துக்குக் கீழே வந்தால் நோய் என்று எழுதலாம். ஆனால் பேராசிரியர் மறுத்துவிட்டார். “அந்த டெம்பிளேட் செல்லாது எண்டு நீங்கதானே எழுதினீங்க? அந்தக் கடிதம் ஆய்வின் கோப்பில கிடக்கு. அரசாங்கப் பக்கத்து டொக்டர் அதைத்தான் முதல்ல எடுப்பார்.” பொல்லைக் கொடுத்து அடி வாங்குகிறது என்பது இதுதான். ஆனாலும் அன்று நான் கலங்கவில்லை. “பயப்பிடாதீங்க அக்கா, எங்கட டெம்பிளேட் முடியப்போகுது. அதில வந்தா ஒருத்தனும் வாய் திறக்கேலாது” என்று கண்ணகை அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் முதல் தடவையாகக் கதிரையில் இருந்தார்.

புரட்டாதியில் டெம்பிளேட் முடிந்தது. உதயரூபனின் படத்தைப் போட்டேன். பத்தொன்பது என்று வந்தது.

நூறுக்குக் கணக்குப் பார்த்தால் பத்தொன்பதாவது ஆள். சாதாரணம். ஊரில் நாலைந்து பேரில் ஒருவர் அப்படித்தான். திரும்பப் போட்டேன். கோடுகளைக் கையால் கீறிப் பார்த்தேன். கோடு சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. உதயரூபனின் துண்டு சிறுத்துத்தான் கிடந்தது. அப்படியென்றால் நாற்பது பேருடையதும் ஏன் இப்படிச் சிறுத்துக் கிடக்கிறது?

நாற்பது படங்களையும் ஒன்றொன்றாகத் திறந்தேன். இருபத்தேழாம் இலக்கப் படத்தில், கன்னத்துப் பக்கம் ஒரு கறுப்பு ஓட்டை. இரும்பு கிடந்தால் ஸ்கேனில் அந்த இடம் இப்படிக் கறுத்துப்போகும். இதை நான் முன்பே பார்த்திருந்தேன். பல் அடைத்திருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆளின் ஊர் சண்டைக்குள் கிடந்த கரடியனாறு. ஐயோ கடவுளே, கரடியனாற்றில் எந்தப் பல் வைத்தியன் இருந்தான், இந்த மனிதனுக்குப் பல் அடைக்க!

அடுத்த நாளே பஸ் ஏறினேன். அந்தப் படத்துக்காரர் தங்கராசா மாமா வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். வயல்வெளி முழுக்க வேறு ஆள் இல்லை. அப்படியிருந்தும் நான் கேட்டதும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

“ஓம். ஷெல் துண்டு. ரெண்டாயிரத்தி ஏழில. பொஞ்சாதியும் மூத்தவளும் அந்த இடத்திலயே.”

“பாதிப்பு இல்லை எண்டு போட்டீங்களே மாமா! உடம்பில இரும்பு இருக்கா எண்டும் கேட்டமே. அந்த மெசினுக்குள்ள அது அசைஞ்சிருந்தா?”

“சூடாத்தான் கிடந்தது. பல்லக் கடிச்சிட்டுக் கிடந்தன்.” மண்வெட்டியைக் கீழே வைத்தார். “புள்ள, சுனாமி ஃபாரத்துக்கு ஓம் எண்டா கூரைத் தகரம் வரும். சண்டை ஃபாரத்துக்கு ஓம் எண்டா ஆளைத் தூக்க ஜீப் வரும். எனக்கு இன்னும் ரெண்டு பொடியன் கிடக்கு.”

எங்கள் ஃபாரத்தில் இரண்டும் ஒரே தாளில் இருந்தன. அந்தத் தாளை அடித்தவள் நான். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள். எந்தப் பட்டியலிலும் பெயர் கொடுக்காதவர்கள் யார் என்று எனக்குத் தெரியாதா? பெயர் கொடுக்கப் பயந்தவர்கள். அவர்களைத்தான் வீடு வீடாகத் தேடிப்பிடித்து, ‘பாதிக்கப்படாதவர்’ என்று பெயர் வைத்து, எங்கள் ஊரின் சுகமான மூளையைச் செய்தேன். அறப்படித்த பல்லி கூழ்ப்பானைக்குள் விழுந்ததாம். நான் விழுந்ததோடு நில்லாமல் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன்.

ஃபாரத்தைத் திருத்திக் கையெழுத்து வைத்துத் தாருங்கள், ஒரு உயிர் போகிறது என்று கெஞ்சினேன். தங்கராசா மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரம்பில் இறங்கிவிட்டார்.

கந்தோருக்கு வந்து ஹலீம் நானாமீது பாய்ந்தேன். “ஆளைப் பாத்துத்தானே ஃபாரம் நிரப்பினீங்க? ஒருத்தர்ட முகத்தையும் பாக்கல்லையா நானா?”

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்ட வாப்பா தொண்ணூறில மௌத்து, தங்கச்சி. ரெண்டு நானாமாரும். பள்ளிவாசல்ல தொழுதிட்டு நிக்கக்குள்ள இயக்கம் சுட்டது. நான் என்ட ஃபாரத்தில இல்லை எண்டுதான் போட்டன்.”

“ஏன்?”

“ஃபாரம் உங்கட கையிலதானே வரும். நீங்க தமிழ்ப் புள்ள. வாசிச்சா, பொறகு நாம ரெண்டு பேரும் ஒரு மேசையில எப்படித் தேத்தண்ணி குடிக்கிற?”

அவர் நிமிர்ந்து பார்த்து, “நீங்க என்ன போட்டீங்க?” என்று கேட்டார்.

எனக்கு ஒரு அண்ணன். பெயர் நிலோஜன். யார் கேட்டாலும் கட்டாரில் வேலை என்போம். 2006இல் ரியூசன் படிப்பித்துவிட்டு வரும் வழியில் புலிகள் இயக்கம் கொண்டுபோனது. 2009 சித்திரையில் முல்லைத்தீவுப் பக்கம் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. உறவை இழந்தீர்களா என்ற கேள்விக்கு நேரே, என் சொந்தக் கையால், ‘இல்லை’ என்று போட்டேன். நாற்பதில் ஒரு பொய், சராசரியில் அது ஒரு பொருட்டா என்று நினைத்தேன். நாற்பது பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

அந்தக் கிழமை முழுக்க ஹலீம் நானாவும் நானும் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போனோம். சில வீட்டில் அழுதார்கள், சில வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். கையெழுத்து மட்டும் ஒருவரும் தரவில்லை. சபூரா என்ற ஒரு அம்மா, “புள்ள, நீங்க திருத்திட்டீங்களா உங்கட ஃபாரத்த?” என்று கேட்டார். இனித்தான் என்றேன். “அப்ப போய் அதச் செய்ங்க” என்று கதவைச் சாத்தினார்.

அன்று வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“எழுதிக் குடுக்கப் போறியா, அண்ணன் செத்திட்டான் எண்டு?”

“காணாமப் போனார் எண்டும்மா.”

“அவன் கட்டாரில” என்றார் அம்மா. அரிசியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “எழுது. எழுதிட்டு இந்த வாசலுக்கு வராத.”

எழுதினேன். ஹலீம் நானாவும் எழுதினார். இரண்டு ஃபாரத்தையும் கொழும்புக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியர் கெட்ட மனிதர் இல்லை. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். இரண்டையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு பேரை எடுத்துவிடலாம். மற்ற முப்பத்தெட்டுப் பேரை எந்த எழுத்தை வெச்சு எடுக்கிறது? முடிவைப் பாத்த பிறகு அடித்தளத்தை மாத்தினா, நாங்க விரும்பின பதிலுக்கு மாத்தினம் எண்டுதான் சொல்லுவாங்க. அது உண்மையும்தானே, ஆர்த்திகா?”

இரண்டு தலையை எடுத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். பத்தொன்பது பதினேழானது. சட்டத்தரணிக்கு நாங்கள் கடிதம் கொடுக்காமல் விட்டோம். ஆனால் வழக்கில் ஸ்கேன் பற்றி முதலில் பேச்செடுத்ததே அவர்தான். மற்றப் பக்கம் அறிக்கையைக் கேட்டது. கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். “உள்ளூர் மக்களின் அளவோடு ஒப்பிடும்போது இயல்பு வரம்புக்குள் உள்ளது.” அந்த வசனத்தைத் தட்டச்சு செய்ததும் இந்தக் கைதான்.

கண்ணகை அக்காவிடம் நான் போய்ச் சொன்னேன். இறால் பேசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், என் அண்ணன் வரைக்கும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவர் ஈயை விரட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்ப, அவன்ட தலை சரி எண்டா, உங்க எல்லாருக்கும் அவன மாதிரித்தானா?”

“கிட்டத்தட்ட அக்கா.”

“பாவங்கள்” என்றார்.

பிறகு யாரோ இறால் வாங்க வந்தார்கள். நான் எழும்பி வந்துவிட்டேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று சட்டத்தரணி சொன்னார். வேறு வழியும் இருக்கவில்லை. நீதிமன்றத்தில் எழும்பி நின்று ஓம் என்று சொல்ல வேண்டும் என்பதை உதயரூபனுக்குக் கூப்பிடுகிற நிமிஷம் வரை காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்டபோது ஓம் என்றார். சரியாகச் சொன்னேனா என்பது போல அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம்.

மாதத்துக்கு ஒரு தடவை கண்ணகை அக்கா இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய்வந்தார். நான்காவது மாதம் கந்தோருக்கு வந்தார். இந்த முறையும் கதிரையில் இருக்கவில்லை.

“ஒவ்வொரு முறையும் கேக்கிறான் புள்ள, நான் ஏன் இஞ்ச கிடக்கன் எண்டு. சொன்னா, இப்பதான் கேட்ட மாதிரி அழுறான். எனக்கு இனி ஏலாது. அடுத்த முறை நீ வந்து சொல்லு.”

போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உதயரூபன் வந்து நின்றார். மெலிந்திருந்தார், ஆனால் தலை வாரியிருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்து, “தங்கச்சி, உங்களத் தெரியல்ல, குறை நினைக்காதீங்க. நான் என்ன செஞ்சு என்ன இஞ்ச வெச்சிருக்காங்க?” என்று கேட்டார். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, ஊரில் நாங்கள் நாற்பது பேர் பொய் சொன்னோம், என் பொய்யும் அதில் ஒன்று, அதனால்தான் என்றேன். பன்னிரண்டு வருஷம் என்றும் சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினார். அக்கா தனியாக இருக்கிறாளா என்று கேட்டார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. கண்ணைத் துடைத்தார், சுவரைப் பார்த்தார், அங்கே ஓடிய எறும்பைப் பார்த்தார். திரும்பி என்னைக் கண்டதும் மரியாதையாகச் சிரித்தார்.

“தங்கச்சி, உங்களத் தெரியல்ல, குறை நினைக்காதீங்க. நான் என்ன செஞ்சு என்ன இஞ்ச வெச்சிருக்காங்க?”

அரை மணித்தியாலம் தந்திருந்தார்கள். மூன்று தடவை சொன்னேன்.